வாட்டர் பாத்தில் மிதந்த துண்டு

போன வாரம் நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எத்தன வருசம் ஆனா இந்தப் பயம் போகுங்க மேடம்?” என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பொம்மிடி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், கேட்ட பிள்ளைக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று உறுத்தியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு முப்பத்தோரு வருடமும் பயம் போகவில்லை. ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டபோதுகூட, அன்று காலை வெட்டிய மெழுகு பிளாக்கின் எண்ணைச் சரியாக எழுதினேனா என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

மெழுகு எத்தனை சூட்டில் உருக வேண்டும், எந்தச் சாயத்தில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது, கண் இருந்தால் போதும். நான் சொல்லப் போவது ஒரு செவ்வாய்க்கிழமை நான் செய்த தப்பையும், அதன் பின்னால் வந்த சனிக்கிழமையையும்.

நம் வேலை என்ன என்று என் அக்கா மகன் கேட்டபோது, “மனுசத் துண்டை மெழுகுல பதிச்சு, வெங்காயத் தோலவிட மெல்லிசா சீவறது” என்றேன். அவன் அன்று சோறு தின்னவில்லை. ஆனால் உண்மை அதுதான். கத்தி பிடித்த கொஞ்ச நாளிலேயே ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு குணம் உண்டு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கொழுப்பு பிடிகொடுக்காது. அதன் ஒவ்வொரு செல்லும் எண்ணெயைச் சேமித்து வைப்பதற்கென்றே இருப்பது. நாம் போடும் மருந்தில் எண்ணெய் கரைந்துவிட, வெறும் ஓட்டைகள்தான் மிஞ்சும். எலும்போடு தசையைக் கட்டும் நாண் ஒரே திசையில் ஓடும் நார், ஒரே பக்கமாக இழுபடுவதுதான் அதற்கு வேலை. தோலுக்கு அடியிலிருக்கும் நார் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும், ஏனென்றால் தோல் எல்லாப் பக்கமும் இழுபடுகிறது. தோலின் மேற்பரப்பு உரசலைத் தாங்க வேண்டியிருப்பதால் அடுக்கடுக்காக இருக்கும். நுரையீரலின் காற்றறைச் சுவருக்கு ஒரு செல்லின் கனம்கூட அதிகம், காற்று அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போயாக வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் டாக்டர். ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்பவர். ஓசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார், அப்போது நாங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க எங்களையும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார வைப்பார். நான், “இது என்னாங்க சார்?” என்று கேட்டால் பதில் வராது. “என்னாதுன்னு கேக்காதம்மா. இதுக்கு என்ன வேலைன்னு கேளு. வேலை தெரிஞ்சா, ஏன் இப்பிடி இருக்குதுன்னு தெரியும்” என்பார். கருப்பையின் தசை ஏன் எல்லாத் திசையிலும் பின்னியிருக்கிறது என்று அவர்தான் சொன்னார். பிள்ளை பிறந்ததும் அந்தப் பின்னல் இறுகி, திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறதாம். அதனால்தான் தாய் பிழைக்கிறாள். இரண்டு பிள்ளை பெற்றவள் நான், அதுவரை அது எனக்குத் தெரியாது.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சீவிய இழை சுருங்கிக்கொண்டு வரும் என்பதால் அதை வாட்டர் பாத்தின் வெந்நீரில் மிதக்க விடுகிறோம். விரிந்ததும் ஸ்லைடுக் கண்ணாடியால் ஏந்தி எடுக்கிறோம். ஒருவருடைய துண்டு முடிந்ததும் அடுத்தவருடையதை விடுவதற்கு முன்னால் தண்ணீரின் மேல்பரப்பை ஒரு தாளால் வழித்தெடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இதற்குப் பழைய ரிப்போர்ட் தாள்களை நீளவாக்கில் கிழித்து, மேசையோரம் கட்டு வைத்திருப்போம். ஒரு ஆளுக்கு ஒரு தாள். பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். அந்தத் தாளுக்குப் பயந்துதான் எங்கள் மொத்தப் பிழைப்பும் நடந்தது.

அன்று என்னோடு வெட்டும் பெண் தன் தங்கை கல்யாணத்துக்கு லீவு. இரண்டு பேர் வேலை ஒருத்தி தலையில். காலையிலேயே இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. பதினொன்றரை மணிக்குத் தாள் கட்டு தீர்ந்துவிட்டது. எழுந்து போய்க் கிழித்துக்கொண்டு வர இரண்டு நிமிடம் ஆகும். தண்ணீரைக் குனிந்து பார்த்தேன், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இந்த ஒன்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று வழிக்காமலே அடுத்த பிளாக்கைச் சீவும் இயந்திரத்தில் மாட்டினேன். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள்தான் நான்.

அப்போது மாட்டியது இண்டூர் கோமதியின் பிளாக். இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. இப்போது மாதவிலக்கு நிற்காமல் போகிறது என்று, சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கருப்பையின் உள்பூச்சைச் சுரண்டி எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். சுரண்டல் துண்டு என்றால் உங்களுக்குத் தெரியும், பொடிப் பொடியாக நூறு இருக்கும். அதில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் கூட்டத்தில் கலந்துவிடும்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கருப்பையின் உள்பூச்சில் புற்றுநோய். சேலத்தில் திங்கட்கிழமை காலை கருப்பையை எடுத்துவிடுவதாக நாள் குறித்துவிட்டார்கள். பாவம் சின்ன வயசு என்று நானும் உச்சுக்கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அதே வியாழக்கிழமை அதியமான்கோட்டை பெருமாள் அண்ணனும் ரிப்போர்ட் வாங்க வந்தார். பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மலத்தோடு ரத்தம் போகிறது என்று குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலிலிருந்து எள்ளளவு நான்கு துண்டு எடுத்திருந்தார்கள். கவரைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்கவே மாட்டேன் என்று நின்றார். ரிப்போர்ட்டில் இருப்பதை நாம் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கும் அந்த விதி தெரியும். ஆனாலும் பார்க்கப் பொறுக்காமல், “ஒண்ணும் இல்லீங்கண்ணா, வெறும் புண்ணுதான். பயப்படாம போங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கோமதியும் அவள் புருஷன் மாதையனும் வந்தார்கள். சேலத்து டாக்டர் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டிருக்கிறார், வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் அப்படியே சேலம் போய் அட்மிட் ஆகப் போகிறார்கள். துணிப்பை, தண்ணீர்க் கேன், ஃபைல் எல்லாம் கையில் இருந்தது. பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்லைடை எடுத்தேன். வெளியே அனுப்புவதற்கு முன்னால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா, சாயம் மங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பது வழக்கம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

டாக்டர் மையால் புள்ளி வைத்திருந்த இடத்தில்தான் புற்று இருந்தது. ஒழுங்கில்லாத செல்கள், கருத்த உட்கரு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதன் ஓரத்தில், ஒட்டினாற்போல, இன்னும் கெடாத ஒரு சின்னக் கீற்று இருந்தது. அந்தக் கீற்றைப் பார்த்தபோது என் கை மைக்ரோஸ்கோப்பின் திருகில் அப்படியே நின்றுவிட்டது. அதில் வரிசையாக நான்கைந்து கோப்பைச் செல்கள் இருந்தன. வாய் குறுகி, வயிறு பெருத்து, உள்ளே வெளிர் நீலமாகச் சளி நிரம்பிய செல்கள். அவை குடலில் இருப்பவை. மலம் வழுக்கிக்கொண்டு போவதற்காகச் சளி சுரப்பதுதான் அவற்றின் வேலை.

இதுக்கு என்ன வேலை என்று டாக்டரின் குரல் எனக்குள் கேட்டது. கருப்பைக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. கரு வந்து ஒட்ட வேண்டிய இடம் அது, அங்கே எதை வழுக்கிவிடுவதற்கு இத்தனை சளி?

திருகை மெல்லத் திருப்பினேன். மற்ற துண்டுகள் தெளிவாகத் தெரியும்போது இது மங்கியது, இது தெளிந்தபோது மற்றவை மங்கின. இது மற்றவற்றுக்கு மேலே கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீரிலிருந்து பிறகு வந்து ஒட்டியது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணியும், தீர்ந்துபோன தாள் கட்டும், கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன.

அப்போது எனக்கு வந்த பயத்தை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுக்கும் ஒருநாள் வரும். முதலில் வந்தது கோமதியைப் பற்றிய பயம் அல்ல. வேலை போய்விடுமே என்ற பயம். அந்த வருடம்தான் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அப்புறம் டாக்டரின் கன்னடத்தைப் பற்றிய பயம். அப்புறம், டாக்டரே பார்த்துவிட்டுப் புற்று என்று எழுதிய பிறகு பத்தாவதும் டிப்ளமோவும் படித்த நான் யார் என்ற பயம். ஒருவேளை நான் பார்த்தது தப்பாக இருந்தால்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக் கதை ஆகிவிடாதா? சேலத்தில் இன்னொரு டாக்டர் இதே ஸ்லைடைப் பார்க்கத்தானே போகிறார், அவரே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. திங்கட்கிழமை காலைக்குள் யார் பார்ப்பார்கள் என்று இன்னொரு மனம் கேட்டது. அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாதா கோவிலில் ஃபாதர் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பார். அங்கே போய் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று தோன்றியது. என் பாரம் இறங்கும். கோமதியின் கருப்பை போய்விடும்.

ஸ்லைடை அட்டைப்பெட்டியில் போட்டேன். பிளாக்கையும் போட்டு, மேலே பெயர் எழுதி, எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆமாம், கொடுப்பதற்குத்தான் வந்தேன்.

மாதையன் எழுந்து கையை நீட்டினான். “கர்ப்பப்பைய எடுத்துட்டா உசுரு நிக்கும்னு சொல்லீட்டாங்கக்கா. எங்களுக்கு அது போதுமுங்க” என்றான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டான். கோமதி எழவில்லை. மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு என் கையிலிருந்த பெட்டியையே பார்த்தாள்.

“அக்கா, எடுத்த பொறவு அத எங்கக்கா போடுவாங்க?”

“எதம்மா?”

“கர்ப்பப்பையத்தானுங்க. வூட்டுக்குக் குடுப்பாங்களா? இல்ல குப்பையில போட்டுருவாங்களா?”

அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கெடாமலிருக்க ஃபார்மலின் டப்பாவில் போட்டு இதே மாதிரி ஒரு கூடத்துக்கு அனுப்புவார்கள். என்னைப் போல ஒருத்தி அதைக் குறுக்கே வெட்டித் திறப்பாள். அந்தத் தசைப் பின்னல் அத்தனை அழகாக இருக்கும், உள்பூச்சு வெல்வெட்டு மாதிரி இருக்கும். தேடித் தேடிப் பார்த்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. “செத்த நேரம் உக்காரும்மா, ஒரு கையெழுத்து வாங்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றார். நான் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். “சார், செவ்வாய்க்கிழமை நான் தண்ணிய வழிக்கலீங்க சார்.”

கன்னடம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பையை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலேயே தமிழில், “இத நான் பாத்திருக்கணும்மா” என்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. பிறகு, “பிளாக்க இன்னும் ஆழமா வெட்டு. ஆறு ஸ்லைடு. ஒவ்வொண்ணுக்கும் தண்ணிய மாத்து” என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாதையன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். ஆறு ஸ்லைடிலும் கருப்பையின் சாதாரண உள்பூச்சுத் துண்டுகள்தான் இருந்தன, கலைந்த கருவின் மிச்சமும் கொஞ்சம் இருந்தது. ரத்தப் போக்குக்குக் காரணம் அதுதான். புற்று எங்குமே இல்லை.

டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. “தப்பு எங்களோடதும்மா. வேற ஒருத்தரோட துண்டு உன்னோட ஸ்லைடுல ஒட்டியிருந்துச்சு. உனக்கு கேன்சர் இல்ல. சந்தேகம் தீர இன்னொரு தடவ சுரண்டி எடுத்துப் பாக்கச் சொல்றேன். ஆனா ஆபரேஷன் வேணாம்” என்றவர், அவர்கள் முன்னாலேயே சேலத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். மாதையன் அறைக்கு வெளியே போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். என்னைத் திட்டுவான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அவன் என் பக்கமே திரும்பவில்லை.

கோமதி அழவில்லை. டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், அப்ப அது யாரோடதுங்க?”

டாக்டருக்கு முதலில் புரியவில்லை.

“எனக்கு இல்லைன்னா, யாருக்கோ அது இருக்குதில்லீங்க? அவங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியும்மா. அன்னிக்கே குடல் கேன்சர் ஆபரேஷன் பண்ண ஒருத்தரோடதும் வந்திருந்துச்சு. அவருக்கு வைத்தியம் நடக்குது” என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன். அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, “நீங்களாத்தான் போய்ச் சொன்னீங்களாக்கா?” என்று கேட்டாள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் கிளம்பும்போது, “ஆனைக்கும் அடி சறுக்கும். மனசுல வெச்சுக்காத” என்றார். அவர் பெருந்தன்மைக்குச் சொன்னார். ஆனால் யானை சறுக்கினால் யானைக்குத்தான் வலிக்கும், நாம் சறுக்கினால் வலி இண்டூரில் யாருக்கோ வருகிறது.

நடந்ததைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். எந்த பிளாக்குக்குப் பிறகு எதை வெட்டினேன் என்று என் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது. ஆபரேஷனில் எடுத்த அந்தக் குடல் கடைசியில் இருந்தது, சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டியது. கோமதியுடையது சாப்பாட்டுக்கு முன்னால். இரண்டுக்கும் நடுவில் நான் தொட்டித் தண்ணீரையே கொட்டி மாற்றியிருக்கிறேன். மதியம் வெட்டியது காலையில் எப்படி மிதக்கும்?

கோமதிக்கு நேர் முன்னால் வெட்டிய பெயரைப் படித்தேன். பெருமாள், அதியமான்கோட்டை. பெருங்குடல், நான்கு துண்டு.

அந்தச் சனிக்கிழமை மதியம் எனக்கு வந்தது முதல் பயத்தைப் போல இல்லை. முதல் பயத்தில் ஓடுவதற்குக் கால் இருந்தது, இதில் ஓடுவதற்கு இடமே இல்லை. அவருடைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். நான்கு துண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. ஒன்று பெரிதாக இருந்ததால், இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வெட்டிய நானும் நினைத்திருந்தேன், பார்த்த டாக்டரும் நினைத்திருந்தார். பிளாக்கைச் சீவும் இயந்திரத்தில் மாட்டி ஆழமாக வெட்டினேன். நான்காவது துண்டு மெழுகில் சாய்ந்து, அடியில் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பதித்ததும் நான்தான். முதல் தடவை அதன் நுனி மட்டும் கத்திக்கு வந்து, அதுவும் தண்ணீரில் கழன்று போய், கோமதியின் கண்ணாடியில் ஏறிக்கொண்டது.

சாயம் போட்டுப் பார்த்தேன். அதே செல்கள், அதே ஓரத்தில் அதே கோப்பைச் செல் வரிசை. இந்தத் தடவை அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

கூடத்தில் யாரும் இல்லை. இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக ஒருவரிடம் போய் நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? திங்கட்கிழமை சொன்னால் என்ன, புற்று இரண்டு நாளில் ஓடியா போய்விடும் என்று தோன்றியது. திங்கட்கிழமை வந்தால் அடுத்த திங்கட்கிழமை என்று தோன்றும், அதுவும் எனக்குத் தெரிந்தது. கோமதி கேட்டதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். தன் உயிர் தப்பிய அந்த நிமிடத்தில் அவளுக்கு, அது யாரோடது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் தப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் துண்டுக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளே, பயம் வந்தால் ஓட வேண்டாம். அது உங்களுக்காக வந்த பயமா, அந்தக் கண்ணாடியில் இருப்பவருக்காக வந்த பயமா என்று மட்டும் பாருங்கள். முதலாவது பயம் வாயைக் கட்டும், இரண்டாவதுதான் போனை எடுக்க வைக்கும். எனக்கு அன்று இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது. அந்த இரண்டோடும்தான் டாக்டருக்குப் போன் போட்டேன்.

அவர் பாதி வழியில், பாலக்கோடு ரோட்டில் இருந்தார். முழுவதும் கேட்டார். “நான் திரும்பி வரேன். அவர வரச் சொல்லு. விசயத்த நான் சொல்லிக்கறேன், நீ வரச் சொன்னாப் போதும்” என்றார்.

உங்களில் சிலர் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெருமாள் அண்ணனுக்கு அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. நோய் குடலின் சுவரைத் தாண்டியிருக்கவில்லை. இன்றும் பைபாஸில் போகும்போது அந்தக் கடை திறந்திருக்கிறதா என்று பஸ் ஜன்னலில் பார்ப்பேன். கோமதிக்கு இரண்டாவது தடவை எடுத்துப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. டாக்டர் பெயரிலும் என் பெயரிலும் விளக்கம் கேட்டு மேலே இருந்து கடிதம் வந்தது. டாக்டர் தன் பெயரை முதலில் எழுதி, என் பெயரை அடுத்து எழுதினார். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் போன் பேச்சைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன் மூன்றாவது தடவை மணியடித்ததுமே பெருமாள் அண்ணன் எடுத்துவிட்டார்.

“அண்ணா, நான் லேப்ல இருந்து பேசறேங்க.”

“சொல்லும்மா, நல்லா இருக்கறயா? நீ ஒண்ணும் இல்லைன்னு சொன்னயில்ல, அன்னிக்குத்தான் மூணு மாசத்துக்குப் பொறவு வயிறாரத் தின்னேன். எங்க வூட்டுல கோயிலுக்குப் பொங்க வெக்கணும்னு நிக்கறா.”

நோயாளிகளிடம் பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று இத்தனை வருடமாகச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது.

“அண்ணா, நான் அன்னிக்குச் சொன்னது தப்புங்க. ஒண்ணு இருக்குது. நீங்க கொஞ்சம் பயப்படணுங்கண்ணா. பயந்துக்கிட்டு இப்பவே கிளம்பி வாங்க. டாக்டர் வந்துட்டு இருக்கறாரு.”

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

“நீ அங்கயே இருப்பயா?” என்று கேட்டார்.

“இருக்கறேங்கண்ணா.”

“வரேன்” என்றார்.

அவர் வந்து சேரும் வரை, பழைய ரிப்போர்ட் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தேன்.